கோட்டுக்காரனின் வயிற்றில் குட்டைப் புழுக்கள்

1

அன்று பட்டியில் இருந்தவர்கள்: ஸ்கார்ஹில் பண்ணையின் கிரிசெல் டெல்ஃபர், அதாவது நான். என் தம்பி வாட். பக்கத்துப் பண்ணையான மாஸ்ரிக்கின் டாண்ட் ரதர்ஃபோர்ட், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில். ஆட்டுப் புழுக்கையை ஆராய்ச்சி செய்யும் கிர்ஸ்டி மக்காஸ்கில். மெக் என்ற நாய். ஒன்றரை வயதுச் செவியட் இனக் கிடா ஒன்று. வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகச் சந்தையில் சொல்லித் திரிகிறவர்கள் எல்லாரும் உண்மையாகவே இருந்திருந்தால், என் பட்டியை இடித்துப் பெரிதாகக் கட்டியிருக்க வேண்டும்.

இந்தக் கதை எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செம்மறி வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ‘எங்கள் மந்தையின் பெருமை’ என்று ஒரு பக்கம் கேட்டார்கள். ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது இது இருந்தது. கதை என்று பெயர் வைத்ததற்குக் காரணம் ஒன்றே. கட்டுரையில் அடித்த வரிகளை அப்படியே விட்டுவைத்தால் செயலாளர் கோபித்துக்கொள்வார்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஸ்காட்லாந்தின் தென்னெல்லையில், செவியட் குன்றுகளின் மடியில்’ (நிறுத்திவிட்டேன். குன்றுக்கு ஏது மடி? ஆட்டுக்குத்தான் மடி.)

இரண்டாவது: ‘ஐந்து தலைமுறையாக டெல்ஃபர் குடும்பத்துக் கிடாக்கள் எவர் முன்னாலும் தலை தாழ்த்தியதில்லை.’ இது எனக்குப் பிடித்திருந்தது. வாட் படித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ‘மேயும்போது தவிர’ என்று சேர்த்து வைத்தான்.

மூன்றாவது: ‘புழு எல்லா வீட்டிலும் இருக்கிறது.’ உண்மையில் கதை இங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் டெல்ஃபர் பெயர் போட்ட ஒரு எழுத்தின் முதல் வரியில் புழுவை உட்கார வைக்க என் கை வரவில்லை. அதனால்தான் அது மூன்றாவதாக, கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கிறது.

2

புழுவைப் பற்றிச் சொல்லாமல் தப்பிக்க முடியாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டுக்கு நான்கு வயிறு. நாலாவது வயிற்றில் மயிரிழை போன்ற பழுப்புப் புழு ஒன்று குடியிருக்கும். அது போடும் முட்டைகள் புழுக்கையோடு வெளியே வந்து பொரிந்து, குஞ்சுப் புழுக்களாகி ஈரப் புல்லில் ஏறி நிற்கும். அந்தப் புல்லை இன்னோர் ஆடு மேயும். இப்படித்தான் எங்கள் மலைகளில் அது பரம்பரை பரம்பரையாக வாழ்கிறது. எங்களைவிடப் பழைய குடும்பம் அது. இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷம் இல்லை.

கிர்ஸ்டி எங்கள் பண்ணைக்கு வந்தது இந்தப் புழுக்களை அளக்கத்தான். தீவுக்காரப் பெண். முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு ஆட்டின் பின்னால் நிற்கும்போதும் பாடிக்கொண்டே இருப்பாள். எங்கள் மலையும் மாஸ்ரிக் மலையும் ஒரே புல், ஒரே மழை என்பதால், சுவரின் இரண்டு பக்கத்து ஆடுகளிடமும் புழுக்கை, எச்சில், ரத்தம் எல்லாம் எடுத்தாள்.

எங்கள் கிடாக்களில் தலையானவன் பிரபு. அகன்ற மார்பு. பின்னங்கால்களை அவன் ஊன்றி நிற்கும் விதத்தைப் பார்த்து நடுவர்கள் தொப்பியைக் கழற்றியதுண்டு. அவனுக்குக் கிடைத்த பரிசு நாடாக்களை எல்லாம் ஒட்டுப்போட்டால் ஒரு போர்வை தேறும். அவனுடைய மகன்கள் போன இலையுதிர் காலத்தில் இறைச்சிக்குப் போனபோது, கிர்ஸ்டி அவர்களுடைய நாலாம் வயிறுகளை வாங்கித் திறந்து பார்த்தாள். பிறகு எங்கள் சமையலறையில், நான் சுட்ட வெண்ணெய் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். புழுக்கள் நீள நீளமாக இருந்தனவாம். ஒவ்வொன்றின் கருப்பையிலும் முட்டை அடைத்துக்கொண்டு கிடந்ததாம்.

எதிர்ப்புச் சக்தி இல்லாவிட்டால் ஆடு செத்துவிடும், இருந்தால் புழு செத்துவிடும் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். அப்படி இல்லை என்றாள் அவள்.

“கொல்லணும்னு அவசியமே இல்ல மிஸ் டெல்ஃபர். வளர விடாம பண்ணினா போதும். நீளம் குறைஞ்சா முட்டையும் குறைஞ்சிடும். புழு உள்ளதான் இருக்கும், ஆனா குடும்பம் நடத்த முடியாது.”

இது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வேண்டாத விருந்தாளி வந்தால் ஸ்கார்ஹில்லில் நாங்கள் விரட்டுவதில்லை. விரட்டுவது அநாகரிகம். கதவோரத்து நாற்காலி, ஆறிய தேநீர், நேற்றைய ரொட்டி. அவர் இருப்பார். ஆனால் செழிக்க மாட்டார். இந்த நாகரிகத்தை எங்கள் வீட்டில் நாற்காலி வரைக்கும் கற்றுக்கொடுத்தோம், கிடாக்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பிரபுவின் மகன்கள் புழுவுக்குக் கணப்படுப்புப் பக்கத்துச் சோபாவைக் கொடுத்திருந்தார்கள்.

ஒருவனைத் தவிர.

அவனுக்கு வாட் வைத்திருந்த பெயர் கோட்டுக்காரன். ரோமம் அடர்த்தி என்பதால் அப்படிக் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். மருந்து ஊற்றாமலேயே விட்டுப் பார்த்தபோதும் அவன் புழுக்கையில் முட்டை என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. எச்சிலில் எதிர்ப்புப் பொருள் நிரம்பி வழிந்தது.*

(* அவன் உயிரோடு இருப்பதால் வயிற்றைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. எனவே தலைப்பில் உள்ள குட்டைப் புழுக்கள் புழுக்கையையும் எச்சிலையும் வைத்துக் கிர்ஸ்டி சொன்ன கணிப்பு. அளந்து சரிபார்க்க விரும்பும் வாசகர்களை நான் அனுமதிக்கப் போவதில்லை.)

அவனை ஏலத்துக்குக் கொடுத்தேன். பிரபுவின் மகன், தாயும் ஸ்கார்ஹில் என்று ஏல அட்டவணையில் அச்சாகிவிட்டது. சந்தையில் நான் போகுமிடமெல்லாம் அதைச் சொன்னேன். டாண்ட் ரதர்ஃபோர்டிடம் இரண்டு முறை சொன்னேன்.

3

இந்த இடத்தில் புழுவையே பேசவைத்தால் என்ன என்று தோன்றியது. புத்தகங்களில் செய்கிறார்கள்.

‘நான் ஒரு புழு. எனக்குக் கண் இல்லை. எனினும்’

வேண்டாம். படர்க்கையில் முயன்றேன்: அக்காளும் தங்கையுமாக இரண்டு புழுக்கள், ஒரே காலையில் ஒரே புல்லில் ஏறி நின்றன. அக்காளைப் பிரபுவின் மகன் தின்றான். அவள் போய்ச் சேர்ந்த இடம் வெதுவெதுப்பானது. உண்டாள், நீண்டாள், ஆயிரமாயிரமாகப் பெற்றாள். தங்கையைக் கோட்டுக்காரன் தின்றான். அங்கே சுவரெல்லாம் வழுவழுப்பு, வாயில் வைப்பதெல்லாம் கசப்பு. அவள் சாகவில்லை. பாதி நீளத்தில் நின்றுபோனாள். பெற்றது நாலைந்து. ‘அக்காள் நலமாக இருப்பாள்’ என்று இருட்டில் அவள் எண்ணிக்கொண்ட அந்த

இல்லை. தங்கைமேல் எனக்கு இரக்கம் வரத் தொடங்கிவிட்டது. ஆடு வளர்க்கிறவளுக்கு அது ஆகாது. இந்தப் பகுதியை வாசகர் மறந்துவிடலாம்.

4

டாண்ட் ரதர்ஃபோர்டை எழுதுவதுதான் எனக்குக் கடினம்.

முதல் பிரதியில் அவரை அழுக்காக எழுதினேன். அழுக்கர் இல்லை, சோம்பேறி, அவ்வளவுதான். இரண்டாம் பிரதியில் தந்திரக்காரராக்கினேன். தந்திரத்துக்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டுமே. மூன்றாம் பிரதியில் எப்படியோ அவருடைய கண்களைப் பற்றி ஒரு வாக்கியம் நுழைந்துவிட்டது. அந்தத் தாளைக் கணப்பில் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் பண்ணைக்காரர்களைப் பண்ணையின் பெயரால்தான் கூப்பிடுவோம். நான் அவரை ‘மாஸ்ரிக்’ என்பேன். அவர் மட்டும் என்னைக் கிரிசெல் என்பார். பள்ளியில் ஒரே பெஞ்சு என்பது அவர் கணக்கு.

அவருடைய மந்தையைப் பார்த்தால் விலைக்கு வாங்கியது போல இருக்காது. மழையில் ஒதுங்க வந்தது போல இருக்கும். தலைமைக் கிடாவின் பெயர் கந்தல். பெயருக்கு மேல் வருணனை தேவையில்லை. நாங்கள் தவறாமல் ஆடுகளின் வாயில் புழு மருந்து ஊற்றுவோம். மாஸ்ரிக்கில் நினைவு வந்தால் ஊற்றுவார்கள். நினைவு வருவது அபூர்வம். நோஞ்சான்கள் போய்ச் சேரும். மிஞ்சியவை மிஞ்சும். “தாங்கறது தாங்கட்டும் கிரிசெல். நான் என்ன ஆட்டுக்குத் தாதியா?” என்பார்.

புழுவெல்லாம் மாஸ்ரிக்கிலிருந்துதான் எங்கள் மலைக்கு வருகிறது என்று பல வருடங்களாகச் சொல்லிவந்திருக்கிறேன். சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். இப்போது அதைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை.

5

இனி பட்டி.

கிடா ஏலம் வெள்ளிக்கிழமை. கிர்ஸ்டி வந்தது அந்த வாரத் தொடக்கத்தில். பாடவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பின்னாலேயே டாண்ட் வந்தார், அந்தக் கோட்டில். யார் செத்தது என்று கேட்டேன். டாக்டரம்மா வரச் சொன்னாங்க என்றார். வாட் கோட்டுக்காரனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்று கிர்ஸ்டி தொடங்கினாள். இந்தக் கிடாவுக்குத் தகப்பன் பிரபு இல்லை என்றாள். அதை நான் ஜீரணிப்பதற்குள், தாயும் ஸ்கார்ஹில் ஆடு இல்லை என்றாள்.

“அப்ப யாரோடது? தபால்ல வந்துச்சா?” என்றேன்.

“தகப்பன் கந்தல், மிஸ் டெல்ஃபர். தாயும் மாஸ்ரிக் ஆடுதான். ரெண்டு தடவ பார்த்துட்டேன்.”

மெக் தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டது. டாண்ட் தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் படித்துக்கொண்டிருந்தார். (இந்த மௌனத்தை நீளமாக எழுதலாம். எழுதமாட்டேன்.)

கிர்ஸ்டிதான் வாட் பக்கம் திரும்பினாள். காதில் அட்டை போடும் நாளில் இவனுடைய தாய் யார் என்று உங்களிடம்தானே கேட்டேன், நீங்கள்தானே ஓர் ஆட்டைக் காட்டினீர்கள் என்றாள்.

“காட்டினேன். அதான் இவன் அம்மா,” என்றான் வாட்.

“அவ பெக்கலையே.”

“பெத்தது யாருன்னு நீங்க கேக்கலையே டாக்டரம்மா. அம்மா யாருன்னு கேட்டீங்க. எவ மடியில பால் குடிச்சானோ அவதான அம்மா. வேற எப்படிக் கேப்பாங்க, எப்படிச் சொல்லுவாங்க?”

சொல்லில் விளையாடுகிறான் என்று வாசகர் நினைத்தால், வாட்டை அவருக்குத் தெரியாது. அவன் முகத்தில் குழப்பத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. எங்கள் மலையில் எந்த மேய்ப்பனும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பான். நானும்கூட.

6

நடந்ததை வாட் சொன்னான். நான் சுருக்குகிறேன், ஏனென்றால் அவன் வானிலையிலிருந்து தொடங்குவான்.

போன வருடம் குட்டி ஈனும் பருவத்தில் நான் கணுக்கால் எலும்பு உடைந்து மாடியில் படுத்திருந்தேன். ஒரு விடியலில் பிரபுவின் குட்டி ஒன்று பிறந்த கையோடு இறந்துவிட்டது. தாயாடு அதை நக்கிக்கொண்டே நின்றது. சற்றுக் கீழே ஓடைக்கரையில், சுவர் தாண்டி வந்த மாஸ்ரிக் ஆடு ஒன்று ஈன்றுவிட்டுச் செத்துக் கிடந்தது. அதன் குட்டி உயிரோடு கத்திக்கொண்டிருந்தது. இங்கே குட்டி இல்லாத தாய், அங்கே தாய் இல்லாத குட்டி. இந்த நிலையில் எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் செய்வதைத்தான் வாட் செய்தான். இறந்த குட்டியின் தோலை உரித்து, கால் நுழைய ஓட்டை விட்டு, அநாதைக் குட்டிக்குக் கோட்டு போலப் போட்டுவிட்டான். தாய் மோந்து பார்த்தது. தன் குட்டியின் வாசனை. பால் கொடுத்தது. சில நாள் கழித்துக் கோட்டைக் கழற்றியபோது அது அவள் குட்டியாகவே ஆகிவிட்டிருந்தது.

கோட்டு கழன்ற பிறகு அந்தக் குட்டியின் பழைய கதையை யாரும் பேசுவதில்லை. இது எங்கள் வழக்கம். பேசினால் தாய் காதில் விழுந்து உதைத்துத் தள்ளிவிடும் என்பார்கள். ஆட்டுக்கு எங்கள் பேச்சு புரியும் என்று யாரும் நம்பவில்லை. ஆனாலும் பேசுவதில்லை.

வாட் அன்றே டாண்டிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். டாண்ட் குட்டியை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு வாட் ஒரு பாட்டில் விஸ்கி கொடுத்திருக்கிறான். என் அலமாரியில் இருந்த, கிறிஸ்துமஸுக்காக நான் வைத்திருந்த விஸ்கி. அது காணாமல் போனதற்கு நான் கூரை வேய வந்த ஆளைச் சந்தேகித்தேன். அவர் இதைப் படித்தால், என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கிர்ஸ்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரே புல், ஒரே மலை, ஒரே தகப்பன், ஆனால் இவன் மட்டும் ஏன் இப்படி என்று ஒரு குளிர்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாளாம். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதென்று ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்றாள். நீங்க கேக்கலையே என்று வாட் மறுபடியும் தொடங்கினான். அவன் காலை மிதித்தேன்.

பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம். தன் ஆய்வில் பண்ணைகளின் பெயர் வராது. அட்டவணையில் அச்சானதைத் திருத்துவதும் திருத்தாததும் எங்கள் விருப்பம். தான் யாரிடமும் பேசப்போவதில்லை.

டாண்ட் தொப்பியைத் தலையில் வைத்தார்.

“நானும் பேசமாட்டேன். கோட்டு போட்ட குட்டி உன் குட்டி, கிரிசெல். அதுக்கு மேல இதுல பேச்சே கிடையாது.”

“டெல்ஃபர் வீட்டுக்கு யாரும் இரவல் பெருமை தர வேண்டியதில்ல, மாஸ்ரிக்.”

“இரவல் எங்க? பாட்டிலைக் காலி பண்ணியாச்சே. நல்ல சரக்கு.”

“அது என்னோடது.”

“தெரியும். அதான் மெதுவா குடிச்சேன்.”

7

இங்கேதான் கதை நின்றுவிட்டது. என்ன பிரச்சினை என்பதை நேராக வைக்கிறேன். பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் எந்தக் காலத்திலும் தெரியவராது. எங்கள் வழக்கமே பேசாதே என்கிறது. அந்தக் கிடாவின் வம்சம் ஸ்கார்ஹில் பெயரில் மூன்று மாவட்டத்து மந்தைகளுக்குப் போகும். இனி எவனாவது தன் ஆட்டின் வயிற்றில் புழு சிறுத்துப்போனது என்று மகிழ்ந்தால் டெல்ஃபர்களை வாழ்த்துவான். பேசினாலோ, ஐந்து தலைமுறை நாங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்தது பரிசு நாடாவும் கொழுத்த புழுவும், சுவருக்கு அந்தப் பக்கம் சோம்பேறித்தனமாக விட்டது எதிர்ப்புச் சக்தி என்று ஊர் முழுக்கத் தெரியும். (சோம்பேறித்தனத்துக்கு வேறு மரியாதையான சொல் இருக்கிறதா என்று கிர்ஸ்டியைக் கேட்டேன். ‘இயற்கைத் தேர்வு’ என்றாள். அந்தக் கௌரவத்தை டாண்டுக்கு என்னால் கொடுக்க முடியாது.)

நான் மூன்று முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. வெள்ளிக்கிழமை. ஏலக்காரர் அட்டவணையில் உள்ளபடி படிக்கிறார். பிரபுவின் மகன். நான் கிடாவை ஏல வளையத்துக்குள் நடத்திப் போகிறேன். கைகள் உயர்கின்றன. டாண்ட் கடைசி வரிசையில் தன் சுருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதில் நன்றாக எழுதப்பட்ட வாக்கியங்கள் இருக்கின்றன. மறுபடி படித்தபோது, இதில் வருகிற கிரிசெல் டெல்ஃபர் வளையத்தைச் சுற்றி வரும்போது ஒருமுறைகூடக் கடைசி வரிசையை ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். எழுதியது நான்தான். ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

இரண்டாம் முடிவு. வியாழக்கிழமை மாலை, கோட்டுக்காரனைக் கயிற்றில் கட்டி மாஸ்ரிக் வாசலில் விட்டுவிட்டு வருகிறேன். இது கம்பீரமாக இருந்தது. ஆனால் வாட் படித்துவிட்டு, “அவன் அம்மாகிட்ட யாரு சொல்றது?” என்று கேட்டான். அவளோ கிடா ஆளாகி மாதக்கணக்காகியும் அவன் கத்தினால் தலை தூக்கிப் பார்க்கிறவள். இறந்த குட்டியின் தோலைப் போட்டு அவளிடம் ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ரத்தம் வேறு என்று பிடுங்குவது எந்த மேய்ப்பனும் செய்யாத காரியம். டெல்ஃபர் செய்யவே முடியாது.

மூன்றாம் முடிவு. ஏலம் தொடங்குமுன் ஏலக்காரரிடம் போய் ஒரு திருத்தம் சொல்கிறேன். என்ன சொல்கிறேன் என்பதை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். ‘ரத்தம் மாஸ்ரிக், பால் ஸ்கார்ஹில்.’ ‘கந்தலின் மகன், டெல்ஃபர் வளர்ப்பு.’ ‘புழுவை வளரவிடாத வயிறு ரதர்ஃபோர்டுடையது, மற்றபடி அவன் நிற்கிற நிலையைப் பாருங்கள், அது எங்கள் வீட்டுப் பழக்கம்.’ இவற்றில் கடைசி வாக்கியம் இருப்பதிலேயே உண்மையானது. இருப்பதிலேயே அகங்காரமானதும் அதுதான் என்கிறாள் கிர்ஸ்டி. அவளுக்கு என்ன தெரியும். நிற்பதை ரத்தம் மட்டுமா தீர்மானிக்கிறது?

இந்த மூன்றில் எது நடந்தது என்று செயலாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பக்கத்தைக் காலியாக விடுவது அச்சகத்துக்குச் சிரமமாம். விடட்டும். நான் ஒன்றை எழுதினால் இரண்டு வீடுகளில் ஏதாவது ஒன்று அதை வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிடும். வளையத்தைச் சுற்றி அன்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏலக்காரர் படித்தது காதில் விழுந்தது. மற்றவர்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கும் ஒருநாளும் தெரியப்போவதில்லை என்றால் உங்கள் வீட்டில் என்ன செய்திருப்பீர்கள் என்று பார்த்தால், எந்த முடிவு உங்களுக்கு உரியது என்று தெரிந்துவிடும். தெரிந்ததை எனக்கு எழுதவேண்டாம்.

8

ஒன்றை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. ஹாவிக் ஊர்த் தேநீர்க் கடைகளில், டாண்ட் ரதர்ஃபோர்ட் அந்தக் கிடாவை வளையத்துக்குள் நடத்திப் போனதாகவும், கிரிசெல் டெல்ஃபர் வெளியே வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும் பேசிக்கொள்கிறார்கள்.

தவறு. இருவருமே கிடாவோடு உள்ளே போனோம். நான் முன்னால் போனேன்.